நடுக்கோடு மட்டும் ஏண்டா தடிக்குது?

செல்போன்ல காட்டினியே அந்தப் படம், நல்லாத்தான் இருக்கு. முன்கையில ஏழுமலையான் நாமம், ரெண்டு பக்கமும் சங்கும் சக்கரமும், அடியில ஒரு பொண்ணு பேரு. பெருமாளுக்குக் கீழ அந்தப் பொண்ணுக்கு இன்னா வேலைன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா, ‘உனக்கு அதெல்லாம் புரியாது தாத்தா’ம்ப. புரியாமத்தான் உங்கப்பனோட சேத்து அஞ்சு பெத்தேன் பாரு.

நான் கேக்குறது நாமத்தைப் பத்தி. வெள்ளைக் கோடு ரெண்டு, நடுவுல செவப்பு. அந்த நடுக்கோட்டைச் செவப்பு மையில குத்திக்கப் போறேன்னா, பேராண்டி, கொஞ்சம் உக்காரு. வெத்தலை மடிச்சுகினே சொல்றேன். அவசரம் ஒண்ணும் இல்ல. நான் சொல்லப் போற வியாதிக்கும் அவசரமே கிடையாது. மாசக்கணக்குல ஆற அமர வரும், சில பேருக்கு வருஷக்கணக்குல.

உங்க தாத்தன் சித்தூர்ல ஒரு தோல் டாக்டர்கிட்ட காம்பவுண்டரா காலம் தள்ளினவன்றது உனக்கே தெரியும். தோல் வியாதிக்காரன் டாக்டர்கிட்ட பாதி நெசத்தைத்தான் சொல்லுவான். மீதிய, மருந்து வாங்க வர்றப்போ என்கிட்ட சொல்லுவான். டாக்டர் ரிட்டையர் ஆயிட்டாரு. நான் ஆகல, வாய் இருக்கே.

திருப்பதிக்கு ஒடம்பைக் கொடுத்தவன் எவனும் ஏமாந்ததில்ல, கவனிச்சிருக்கியா? கல்யாணகட்டாவுல மொட்டை அடிச்சா மூணு மாசத்துல முடி வளந்துடும். அங்கப்பிரதட்சணம் உருண்டா, ஈரத்துணி காயறதுக்குள்ள மேல்வலி போயிடும். மே மாசம் தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரையில பாரு. ஒரு நாள் வெள்ளை பூசிக்கினு பைராகி வேசம், ஒரு நாள் குங்குமம் பூசிக்கினு பண்ட வேசம், ஒரு நாள் ஒடம்பெல்லாம் கரி, ஒரு நாள் சந்தனம். மீசை வச்ச ஆம்பளை பொடவை கட்டிக்கினு, பூ வச்சுகினு வருவான். வாய்க்கு வந்தபடி திட்டுவான், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. சாயங்காலம் ரெண்டு குடம் தண்ணி ஊத்தினா பழைய ஆளு. பெருமாள் பக்தருங்க தோள்ல சங்கு சக்கரம் சுட்டுக்கிறாங்களே, சமாஸ்ரயணம்னு, அதுலகூட சூடு மட்டும்தான், மை கிடையாது. ஆறினா தழும்பு, தீந்தது கணக்கு. நீ கேக்குறது மட்டும்தான் உள்ள போனா வெளிய வராத சமாச்சாரம்.

இப்ப நீ இன்னா சொல்லப் போறேன்னு தெரியும். ‘பாட்டி கையில பச்சை குத்தி இருக்கே, அவளுக்கு இன்னா ஆச்சு?’ அதானே? நல்ல கேள்விதான். உங்க பாட்டி வயசுப் பொம்பளைங்களுக்குக் குத்தினது தெருவுல கூவிக்கினு வந்த கொறத்தி. இந்தப் பக்கத்துல எருகல பொம்பளைம்பாங்க. ஒரு படி அரிசி, ஒரு பழைய பொடவை, அதுதான் கூலி. மை இன்னா தெரியுமா? மஞ்சப்பொடியையும் அகத்திக் கீரையையும் சேத்து அரைச்சு, துணியில தடவி, திரியா உருட்டி, வெளக்கெண்ணெய் வெளக்குல போட்டு ஏத்துவாங்க. மேல புதுச் சட்டியைக் கவுத்து, அதுல படியற புகைக்கரியைச் சொரண்டி, தண்ணியிலயோ தாய்ப்பால்லயோ கொழைச்சா மை ரெடி. மெட்ராஸ் மியூசியத்துக்குத் தலைவரா இருந்த தர்ஸ்டன்னு ஒரு வெள்ளைக்காரர் இதை நூறு வருசத்துக்கு முந்தியே எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு.

அதாவது கரி. வெறும் கரி. ஆல்ப்ஸ் மலைப் பனியில அஞ்சாயிரம் வருசத்துக்கு முந்தி செத்த ஒருத்தனைத் தோண்டி எடுத்தாங்களே, ஓட்ஸின்னு பேரு வச்சாங்க. அவன் ஒடம்புல 61 பச்சை, அத்தனையும் கரிதான். கரி ரொம்ப சாது. ஒடம்பு அதோட சண்டை போடுறது அபூர்வம். ஆனா கொறத்தி கையில இருந்த ஊசி தெருவுக்கே ஒண்ணு. அதை நான் நல்லதுன்னு சொல்லல. அதைப் பத்திப் பின்னாடி வர்றேன்.

உன் கடைக்காரன் மை வேற ரகம். அந்தக் காலத்துச் செவப்பு, நம்ம வைத்தியருங்க சாதிலிங்கம்பாங்களே, பாதரசமும் கந்தகமும் சேந்தது, அது. மஞ்சளுக்குக் காட்மியம், பச்சைக்குக் குரோமியம், நீலத்துக்குக் கோபால்ட்டு. தோல் தடிக்குது தடிக்குதுன்னு டாக்டருங்க எழுதி எழுதி, பாதரசத்தைப் பெரும்பாலும் விட்டுட்டாங்க. அதுக்குப் பதிலா வந்தது அசோ சாயம். காருக்குப் பெயிண்டு, பிளாஸ்டிக் குடம், அச்சடிக்கிற மை, இதுக்கெல்லாம் செஞ்ச பொடி. மனுசன் தோலுக்குள்ள போறதுக்குன்னு அதை எவனும் செய்யல. பிளாஸ்டிக் குடத்துக்கு அரிப்பு வராது, அதனால கம்பெனிக்காரன் சோதிச்சுப் பாக்க வேண்டிய அவசியமும் வரல.

இப்ப அந்த மை உள்ள போனா இன்னா ஆவுதுன்னு கேளு. ஊசி மேல்தோலைத் தாண்டி அடித்தோல்ல மையை எறக்குது. அங்க மேக்ரோபேஜ்னு சில செல்லுங்க இருக்கு. கண்டதை முழுங்குறதுதான் அதுங்க வேலை. மையையும் முழுங்கிடும். ஆனா செரிக்காது. கொஞ்ச நாள்ல அது செத்துப் போனா, மை வெளிய கொட்டும். பக்கத்துல இருக்கறது அதை முழுங்கும். பிரான்சு தேசத்துல மார்சேய்ன்ற ஊர்ல 2018-ல எலி வால்ல பச்சை குத்திப் பாத்து இதைக் கண்டுபிடிச்சாங்க. எலி வால்ல குத்தினவன் கையைக் கும்பிடணும், நம்ம ஊர் பசங்க ஒரு நிமிசம் அசையாம உக்கார மாட்டேன்றாங்க. ஆக, உன் டாட்டூ நெலைச்சு நிக்குதுன்னா மை ஒட்டிக்கினதால இல்ல. ஒடம்பு அதை முழுங்கி, துப்பி, மறுபடி முழுங்கிக்கினே இருக்கறதால. கொஞ்சம் மை நிணநீர் வழியா அக்குள்ல இருக்குற நெறிக்கட்டிக்கும் போய்ச் சேருது. நீ கையில எழுதற பேரு அக்குள்லயும் பதிவாகும்.

இதுல எந்த நாள், எதைப் பாத்து ஒடம்பு ‘இது எனக்கு ஆகாது’ன்னு முடிவு கட்டும்னு யாராலயும் சொல்ல முடியாது. கட்டிடுச்சுன்னா அதோட சரி. அந்தக் கலர் இருக்குற எடம் மட்டும் தடிக்கும், அரிக்கும், சில சமயம் சொரசொரன்னு காய்ச்சுப் போவும், புண்ணாவும். பக்கத்துக் கறுப்புக் கோடு சும்மா இருக்கும். நாமம் குத்தினவனுக்கு நடுக்கோடு மட்டும் எழுந்து நிக்கும். பத்துல எட்டுத் தடவை அந்தக் குறும்பு பண்றது செவப்புன்னு எங்க டாக்டர் சொல்லுவார். எந்த ஊர் தோல் டாக்டரைக் கேட்டாலும் மொதல்ல செவப்பு பேரைத்தான் எடுப்பாங்க.

உனக்குச் சட்டுன்னு புரியணும்னா சேராங்கொட்டையை நெனைச்சுக்கோ. சலவைக்காரங்க துணிக்கு அடையாளம் போட அந்தக் கொட்டையோட எண்ணெயைத்தான் வச்சிருந்தாங்க, இந்தியா முழுக்க. ரெண்டாவது உலகச் சண்டைக்கு வந்த அமெரிக்க சோல்ஜருங்களுக்குப் பிடரியிலயும் இடுப்புலயும் கொப்புளம். சட்டையில, டவுசர்ல எங்க அடையாளம் போட்டிருக்கோ சரியா அங்க. அவங்க டாக்டருங்க 1943-ல ‘டோபி’ பேரையே வச்சு அதைப் பத்தி எழுதிட்டாங்க. சண்டையில குண்டுக்குப் பயப்படாதவன் சட்டைக் காலருக்குப் பயந்தான். வேடிக்கை இன்னான்னா, மொதல் தடவை பட்டா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஒடம்பு அப்பத்தான் அடையாளம் பாத்து வச்சுக்குது. அடுத்த தடவை பட்டு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுத்தான் கெளம்பும். நம்ம தோட்டத்துல தோத்தாபுரி பறிக்கிறவங்களைக் கேட்டுப் பாரு, மாங்காப் பாலும் அதே குடும்பம்தான். சீசன் ஆரம்பத்துல ஆகாது, நடுவுல முழங்கை வரைக்கும் வெந்து போவும். இதுல டாட்டூவுக்கு ஒரு வித்தியாசம். சேராங்கொட்டை பட்ட சட்டையைக் கழட்டிப் போட்டுடலாம்.

இப்பிடித் தாமசமா வர்றதாலதான் இந்த வியாதிக்காரன் யாரும் டாட்டூமேல சந்தேகப்பட மாட்டான். எங்க கிளினிக்குக்கு ஒரு பையன் வந்தான், உன்னாட்டம் படிச்சவன்தான். கையில ரோசாப்பூ. எலையெல்லாம் சாதுவா இருக்கு, பூ மட்டும் மெத்தையா வீங்கி நிக்குது. குத்தி ஒண்ணரை வருசம் ஆச்சாம். அவங்கம்மா கத்திரிக்காய நிறுத்திட்டாங்க. அப்புறம் கருவாடு, அப்புறம் முட்டை. பாவம், அந்த வீட்ல எல்லாரும் ரசஞ்சோறே தின்னாங்க. அதுக்கப்புறம் கண் திருஷ்டின்னு பூசணிக்கா. வேப்பெலை அரைச்சுப் பூசி, அதுக்கு வேற தனியா ஒரு எரிச்சல். அவ்வளவும் பண்ணிட்டு டாக்டர்கிட்ட வந்து, ‘டாட்டூ குத்தினப்போ நல்லா ஆறிடுச்சு சார், அது காரணமா இருக்காது’ன்றான். ஆறினதுதாண்டா ஏமாத்து வேலை! குத்தின வாரத்துல வர்ற வீக்கம், சீழு, காய்ச்சலெல்லாம் வேற சரக்கு, அது கிருமி. இது ஆறி, நீ மறந்து, பொண்ணு வேற ஒருத்தனைக் கட்டிக்கினு போனப்புறம் வர்றது.

அப்புறம் அவனே என்கிட்ட வந்து மீதிய சொன்னான். ஒரு மாசம் முன்னாடி இன்னொரு கையில புதுசா செவப்புல ஏதோ குத்தியிருக்கான். புதுசு தடிச்சுது, அதைப் பாத்துப் பழசும் சேந்து எழுந்துடுச்சு. ஒடம்பு அடையாளம் கண்டுக்கினா எல்லாக் கிளையிலயும் வசூல் பண்ணும்.

அமெரிக்காவுல நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல டாட்டூ குத்தினவங்க 300 பேரை நிறுத்திக் கேட்டாங்களாம், 2015-ல வந்த ஆராய்ச்சி. நூத்துக்கு ஆறு பேருக்கு நாலு மாசத்துக்கு மேல நீடிச்ச தொந்தரவு. அரிப்பு, தடிப்பு, வீக்கம். நூத்துக்கு ஆறுன்னா கம்மிதானேன்னு கேப்ப. பஸ்ல அறுபது பேர் ஏறினா மூணு நாலு பேர் வழி நெடுக சொரிஞ்சுகினு வருவான். நீ அவன் பக்கத்துல உக்காருவியா? டென்மார்க்ல கோபன்ஹேகன் ஆஸ்பத்திரி ஒண்ணுல டாட்டூவுக்குன்னே தனி கிளினிக் நடத்துறாங்க. அங்க வர்ற செவப்புத் தடிப்பைக் களிம்புக்கு அடங்கலன்னா தோலைச் சன்னமா சீவியே எடுத்துடுறாங்க.

‘வந்தா லேசர்ல அழிச்சுக்கறேன்’னு சொல்லாத. அதுதான் பெரிய பள்ளம். தடிச்ச செவப்புமேல லேசர் அடிச்சா, அந்தச் சாயம் பொடிப்பொடியா ஒடைஞ்சு ஒடம்பு பூரா பரவி, கையில இருந்த சண்டை ஒடம்பெல்லாம் ஆவலாம். சில பேருக்கு மூச்சே திணறியிருக்கு. மே மாச வெயிலும் சின்ன லேசர்தான். அசோ சாயம் வெளிச்சத்துல ஒடைஞ்சா வேற வேற பொருளா மாறும். அந்தக் கொழந்தைங்கதான் பாதி வம்பு பண்றது. அதனாலதான் முதுகுல பட்டை ஒட்டிப் பாக்குற அலர்ஜி சோதனை டாட்டூவுக்குப் பெரும்பாலும் ஒண்ணுமில்லன்னு காட்டும். பாட்டில்ல இருக்குறவன் மேல குத்தமில்ல, உள்ள போய்ப் பேரை மாத்திக்கினவன் மேலதான்.

கொறத்தி ஊசியைப் பத்திப் பின்னாடி சொல்றேன்னேன் இல்ல, இப்ப கேளு. சத்தீஸ்கர்ல பிலாய்னு இரும்பு ஆலை ஊர். அங்க கோர்ப்படேன்னு ஒரு தோல் டாக்டர் 2002-ல 31 பேரைப் பத்தி எழுதினார். எல்லாருக்கும் பச்சை குத்தின எடத்துலயே தொழுநோய். ரோட்டோரம் ஒரே ஊசி, ஒரே மை. பல வருசம் கழிச்சு வந்திருக்கு. காசநோயும் இப்பிடி ஊசி வழியா தோல்ல வந்திருக்கு. அதனால டாட்டூ மேல தடிப்போ உணர்ச்சியில்லாத தேமலோ வந்தா, ‘அலர்ஜிதான்’னு நீயே தீர்ப்பு எழுதாத. நம்ம பக்கத்துல காட்பாடியத் தாண்டினா கரிகிரி இருக்கு, 1955-லயிருந்து தொழுநோய் பாக்குற எடம். கொஞ்சம் தோல் வெட்டி மைக்ராஸ்கோப்புல பாத்தாத்தான் அலர்ஜியா, கிருமியா, சார்காய்டோசிஸ்னு ஒண்ணு இருக்கே அதான்னு தெரியும். அந்தக் கடைசி ஆளு பொல்லாதவன். டாட்டூவுல தலையைக் காட்டிட்டு நுரையீரலுக்குள்ள குடித்தனம் வச்சிருப்பான். தடிச்ச டாட்டூவோட கண்ணும் செவந்து, வெளிச்சம் கூசினா, சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கினு படுக்காம அன்னிக்கே கண் டாக்டர்கிட்ட ஓடு. எலும்பு ஒடைஞ்சா புத்தூர் கட்டு போட்டுக்கலாம், கண்ணுக்கு எவன்கிட்ட கட்டு போடுறது?

சட்டம் கேப்பியே. ஐரோப்பாவுல 2022 ஜனவரியிலயிருந்து நாலாயிரத்துக்கு மேல வேதிப்பொருளுக்கு டாட்டூ மையில வரம்பு கட்டிட்டாங்க. மறு வருசம் ஒரு நீலத்தையும் ஒரு பச்சையையும் சேத்துத் தடுத்தாங்க. டாட்டூக்காரங்க அங்க கையெழுத்து வேட்டையே நடத்தினாங்க. நம்ம பக்கத்து வீட்டுக் கர்நாடகாவுல சுகாதார மந்திரி தினேஷ் குண்டு ராவ் 2025-ல, சோதிச்ச மையில 22 வகை உலோகம் இருந்துச்சு, தரம் நிர்ணயம் பண்ணச் சொல்லி டெல்லிக்கு எழுதப் போறோம்னாரு. கடிதம் எழுதற வேகமும் இந்த வியாதி வர்ற வேகமும் ஒண்ணுன்னு வச்சுக்கோ.

சரி, நான் வேணாம்னு சொன்னா நீ ரெண்டா குத்திக்குவ. உங்கப்பனும் அப்பிடித்தான், சைக்கிள் வேணாம்னேன், புல்லட் வாங்கினான். அதனால போ. ஆனா கறுப்புல மட்டும் போ. கறுப்புலயும் குத்தம் வரும், செவப்பு அளவுக்கு இல்ல. கறுப்பு மருதாணின்னு கடையில ரெண்டு வாரத்துக்கு வரைஞ்சு விடுவான், அதையும் தொடாத. தலைச்சாயத்துல போடுற சரக்கைக் கலந்திருப்பான், அதுல கொப்புளம் வந்தவன் அப்புறம் ஆயுசுக்கும் நரைமுடியோடத்தான் திரியணும், என்னாட்டம். குத்துறவன் ஊசி பாக்கெட்டை உன் கண்ணெதிர ஒடைக்கிறானான்னு பாரு. மையில கொழாத் தண்ணி ஊத்திக் கலக்குறானான்னு பாரு. பாட்டில் மேல இருக்குற பேரு, பேட்ச் நம்பரை உன் செல்போன்லயே படம் புடிச்சு வை. கண்ட ரீல்ஸெல்லாம் சேத்து வைக்கிறியே, இதையும் வை. ரெண்டு வருசம் கழிச்சு டாக்டர் அதைத்தான் கேப்பாரு, அப்ப அந்தக் கடை எடத்துல பானிபூரி வித்துகினு இருப்பாங்க. நெஞ்சுலயும் தோள்லயும் வேணாம். உங்க அத்தைக்குக் காது குத்தின எடத்துல நெல்லிக்கா அளவு சதை வளந்துச்சே, அது நம்ம ரத்தத்துல இருக்கு.

தடிச்சா குத்தினவன்கிட்ட போய்க் கேக்காத. ‘தேங்காண்ணெய் தடவு ப்ரோ’ம்பான். தோல் டாக்டர் ஸ்டீராய்டு களிம்பு குடுப்பாரு, கேக்கலன்னா அந்த எடத்துலயே ஊசி. கொஞ்ச நாள் அடங்கும், மறுபடி வரும், மறுபடி போவ. மெடிக்கல் ஷாப்பு களிம்பை நீயா வாங்கிப் பூசிக்கினு தோலைக் காகிதமா ஆக்கிக்காத.

பட்டாளத்துக்கு அப்ளிகேசன் போடப் போறேன்னியே, அதையும் யோசி. முன்கையில உள்பக்கமும் புறங்கையிலயும் இருந்தாத்தான் ஒத்துக்குவாங்க. மேல கீழ ஏறினா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. ரத்த தானம் பண்றேன்னு ஊரெல்லாம் பெருமை பேசுவியே, குத்தின நாள்லயிருந்து 12 மாசத்துக்கு அந்தப் பெருமையும் லீவு.

கடைசியா ஒண்ணு. சாயம் எவ்வளவு கம்மியா உள்ள போவுதோ அவ்வளவு நல்லது. அதனால நாமத்தைச் சின்னதாக்கலாம், சங்கு சக்கரத்தை எடுத்துடலாம். பெருமாள் கோவிச்சுக்க மாட்டாரு, அவருக்கு ஏற்கெனவே ரெண்டும் இருக்கு. மீதி இருக்குறது அந்தப் பேருதான். இன்னா பேரு சொன்னே? நாக வெங்கட லட்சுமி பிரசன்னாவா? தெலுங்குலயா எழுதப் போற? அத்தனை சுழிக்கும் ஊசி போவணுமே, முழங்கை போதுமா? ஒரு உமா, ஒரு ரமான்னு பாத்திருக்கக் கூடாதாடா?